பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று

குளியலறைக் கொடியில் தொங்குகிறது சுருள்.
முப்பத்தாறு கட்டங்கள்.
முப்பத்து மூன்றில் ஒரு குறையும் இல்லை.
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றில் மட்டும்
மேல் விளிம்பிலிருந்து இறங்குகிறது
இலையில்லாத ஒரு கிளை,
கிளையிலிருந்து இன்னொரு கிளை,
மயிரிழையைவிட மெல்லிய கறுப்பு.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.
உலான்பாத்தரில் பதினாறு மாடி
படியேற நேர்ந்தவர்களின் வசவெல்லாம்
எனக்கு மனப்பாடம்.
தொழிலில் ஒரே விதிதான்:
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
இரண்டை மாற்றினால்
எது சரியாக்கியது என்று தெரியாமலே சாவாய்.

முதல் சந்தேகம் தண்ணீர்மேல்.
எங்கள் குழாயில் வருவது பாதி சுண்ணாம்பு,
கெட்டிலின் அடியைப் பார்த்தால் போதும்.
கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்
ஐந்து லிட்டர் வாங்கினேன்.
மாடிப்படிச் சுவரை முப்பத்தாறு தடவை எடுத்துக்
கழுவிப் பார்த்தேன். சுத்தம்.
பிடித்துவிட்டேன் என்று நினைத்து
மறுபடி குழாய்த் தண்ணீரில் கழுவினேன்.
அதுவும் சுத்தம்.

மெக்கானிக் வந்து நின்றதும்
ஒழுங்காக ஓடும் லிஃப்டை எனக்குத் தெரியும்.
அதைப்போல் கோபமூட்டுவது உலகில் வேறில்லை.

பாத்தெல்கெர் போனில் சொன்னான்:
குமிழியாக இருக்கும், டாங்க்கைத் தட்டினாயா?
தட்டினேன்,
கீழ்வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைத் தட்டி
பதில் சொல்கிற அளவுக்கு.
அதுவுமல்லாமல் குமிழி வட்டம்.
ரீலில் ஏற்றும்போது நகம் மடக்கினால் விழுவது பிறை.
வெளிச்சம் கசிந்தால் மூட்டம்.
ஹைப்போ செத்திருந்தால் பால் நிறம்.
இது எதுவுமில்லை.
இது கிளை.

டெவலப்பரை மாற்றினேன்.
தெர்மாமீட்டரை மாற்றினேன்.
குளியலறைக் கதவிடுக்கில்
இரண்டு கம்பளிகளைத் திணித்தேன்.
மாடிப்படிச் சுவர் இப்போது என்னிடம்
நூற்றெட்டுப் படங்களாக இருக்கிறது.
எல்லாம் சுத்தம், எல்லாம் சுவர்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
விளக்கை அணைத்துவிட்டுக்
காஷ்மீர் ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினேன்.
சடசட.
இருட்டில் நீலமாகச் சில பொறிகள்,
காதோரம், முழங்கையில்.
கைகள் இன்னும் ஸ்வெட்டருக்குள் இருக்க
அப்படியே நின்றேன்.

ஜனவரி. மேற்கே போகும் பஸ்கள் நிற்குமிடம்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஹோவ்துக்கு ஒன்றரை நாள் பயணம்,
வேலை அங்கே, ஆறு மாதம்.
மரல்மா ஜன்னலில் உறைந்த பனியைக்
காசளவு சுரண்டி
ஒரு கண்ணை வைத்தாள். பதினொன்று.
ஊதித் துடைத்ததில் வாயும் தெரிந்தது,
ஏதோ சொன்னாள். பன்னிரண்டு.
பஸ் நகர்ந்தது. பதின்மூன்று.
நெம்புகோலை எப்படி இழுத்தேன் என்று
என் கட்டைவிரலுக்குத்தான் தெரியும்.

காய்ந்த குளிரில்
பிலிம் பிலிமை உரசி
மூடிய பெட்டிக்குள் மின்னியிருக்கிறது,
சத்தமில்லாமல், என் மார்புக்கு நேராக.

பதினான்காவது:
பனியில் சக்கரத் தடம், கொஞ்சம் புகை.
அதில் ஒரு கீறல் கிடையாது.
அதைச் சுற்றியபோது
கைக்கு எந்த அவசரமும் இல்லை.

வேலை முடிந்தால் எங்கள் படிவத்தில்
இரண்டு வரி எழுத வேண்டும்.
காரணம்: உலர்ந்த காற்று, வேகமாகச் சுற்றியது.
தீர்வு: மெதுவாகச் சுற்றவும்.
எழுதிவிடலாம்.
ஜூலையில் அந்த பஸ் திரும்பி வரும்போது
குளிராவது இருக்காது.

பன்னிரண்டாவதை அச்சிட்டேன்.
கறுப்புக் கிளை காகிதத்தில் வெள்ளையானது.
தொட்டு மறைக்க மையும் தூரிகையும் எடுத்து
மேசையில் வைத்துவிட்டு
டீ போடப் போனேன்.
அப்படியே அனுப்பியும் விட்டேன்.

ஒன்பது நாள் கழித்து மரல்மா கேட்டாள்:
அந்த பஸ் நிலையத்தில் மரம் ஏது?

இருக்கிறது, நீ பார்த்திருக்கமாட்டாய், என்றேன்.